லேண்ட்லைனா, இணையவழித் தொலைபேசியா? இரண்டு கட்டடங்களில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் கேள்வி

கேள்வி: நாங்கள் இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக விற்பனை செய்கிறோம். அலுவலகத்தில் 30 பேரும், சற்றுத் தொலைவில் உள்ள கிடங்கில் 12 பேரும் பணிபுரிகிறார்கள். எட்டு லேண்ட்லைன் இணைப்புகளும், அவற்றை உள்ளே எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி ஒன்றும் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. அந்தப் பெட்டிக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது என்று பராமரிப்பவர் கைவிரித்துவிட்டார். எல்லாவற்றையும் இணையவழிக்கு மாற்றினால் செலவு பாதியாகும் என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. இணையம் நின்றால் வியாபாரமே நின்றுவிடும், பழையதைத் தொடாதே என்கிறார் பங்குதாரரான என் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இணையவழித் தொலைபேசிக்கு மாறுவதே நல்லது. ஆயினும் உங்கள் அண்ணனின் அச்சத்துக்குத் தொழில்நுட்ப அடிப்படை உண்டு. அந்த அச்சத்துக்கு உரிய ஏற்பாடுகளை எல்லாம் செய்து முடித்த பிறகே பழைய இணைப்புகளைக் கைவிட வேண்டும். பிரதிநிதி சொன்ன பாதிச் செலவுக் கணக்கை, நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

பழைய லேண்ட்லைன் ஏன் அவ்வளவு நம்பகமாக இருந்தது என்பது தெரிந்தால், புதிய அமைப்பில் எந்தப் பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது என்பதும் விளங்கிவிடும். தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் கட்டடம் வரை ஒரு சோடிச் செப்புக் கம்பிகள் வருகின்றன. பேச்சைச் சுமக்கும் அதே கம்பிகள்தாம் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டுவருகின்றன. நிலையத்தில் உள்ள பேட்டரி அடுக்கு ஏறத்தாழ 48 வோல்ட் அழுத்தத்தில் நேர்மின்சாரத்தை (டிசி) அவற்றின் வழியே அனுப்புகிறது. சுற்றுப்புறம் முழுவதும் மின்சாரம் இல்லாதபோதும் சாதாரண லேண்ட்லைன் கருவி மணியடிப்பதற்குக் காரணம் இதுதான். மேலும், அழைப்பு இணைந்தபின் அது முடியும் வரை பாதையின் ஒரு பகுதி அந்த ஒரு பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்தவருடைய பயன்பாடு அதை நெருக்காது. ஆக, மின்சாரம், பாதை ஆகிய இரண்டையும் தொலைபேசி நிறுவனமே கவனித்துக்கொண்டது.

உங்களிடம் உள்ள அமைப்பில் இந்தப் பாதுகாப்பு இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அண்ணனுடன் உட்கார்ந்து பாருங்கள். இபிஏபிஎக்ஸ் பெட்டி உங்கள் கட்டட மின்சாரத்தில்தான் இயங்குகிறது. அதற்கு யுபிஎஸ் இல்லையென்றால், மின்தடை ஏற்பட்டவுடன் நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ட் இருந்தும் பயனில்லை. மின்சாரம் போனதும் ஓரிரு வெளி இணைப்புகளைக் குறிப்பிட்ட சில கருவிகளுக்கு நேரடியாகத் திருப்பிவிடும் வசதி பல பெட்டிகளில் உண்டு. உங்களுடையதில் அது இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, உங்கள் லேண்ட்லைன் உண்மையிலேயே செப்புக் கம்பியில்தான் வருகிறதா? பல இடங்களில் அந்தக் கம்பி ஃபைபராக மாற்றப்பட்டு, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியிலிருந்துதான் தொலைபேசிக் கருவிக்கு இணைப்புத் தரப்படுகிறது. அந்தப் பெட்டிக்கும் உங்கள் கட்டட மின்சாரமே வேண்டும். அப்படியென்றால் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அந்தச் சிறப்பு ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. உலகெங்கும் தொலைபேசி நிறுவனங்கள் செப்புக் கம்பி வலையமைப்பைப் படிப்படியாக மூடி வருகின்றன. பிரிட்டனில் பழைய வலையமைப்பை நிறுத்தும் கெடு 2025 இறுதியிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, முடிவு மாறவில்லை. புதிதாக ஒரு பழைய வகைப் பெட்டியை வாங்கி முதலீடு செய்வது பொருத்தமாகாது என்று நான் கருதுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இணையவழித் தொலைபேசியில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. ஜி.711 என்னும் பரவலான முறையில் இது நொடிக்கு 64 கிலோபிட் ஆகும். அந்த எண்கள் பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒன்றாகச் சிறு பாக்கெட்டுகளில் அடைக்கப்பட்டு, நொடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் புறப்படுகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒட்டப்படும் முகவரித் தகவல்களையும் சேர்த்தால், ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் தேவைப்படும். இது மிகச் சிறிய அளவு. ஒரு காணொளியைப் பார்ப்பதற்கு இதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆனால் காணொளியைச் சில நொடிகள் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும், உரையாடலை அப்படிச் செய்ய முடியாது. தாமதமாக வந்து சேரும் பாக்கெட்டைக் கருவி தூக்கி எறிந்துவிடும், கேட்பவர் காதில் அது வெட்டுப்பட்ட சொல்லாக விழும்.

எனவே இணைப்பின் வேகத்தைப் பெரிதாகச் சொல்லி விற்பவரிடம் வேறு மூன்று விவரங்களைக் கேளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குரல் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பது முதலாவது. 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்பதும், நூற்றில் எத்தனை வழியில் தொலைகின்றன என்பதும் மற்ற இரண்டு. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொலையத் தொடங்கினாலே கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். இந்த மூன்றையும் வேலைநாளில், உங்கள் அலுவலகம் மிகவும் பரபரப்பாக இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். விடுமுறை நாளின் காலையில் எடுத்த அளவை வைத்து யாரும் ஒப்பந்தம் போட வேண்டாம்.

குரல் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் வெளியே இருப்பதில்லை, நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு ஒரு கணினி தன் கோப்புகளை எல்லாம் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கினால், வெளியே செல்லும் பாதை நிரம்பிவிடும். அப்போது வாடிக்கையாளர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நீங்கள் பேசுவதுதான் அவருக்குக் கேட்காது. இதைத் தடுப்பதற்கு, நெரிசலான சாலையில் ஆம்புலன்சுக்கு வழிவிடுவதைப் போலக் குரல் பாக்கெட்டுகளுக்கு முதலிடம் தரும்படி ரவுட்டரிலும், கட்டடத்துக்குள் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியிலும் அமைக்க வேண்டும். தொலைபேசிகளைக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி விலானில், அதாவது அதே கேபிள்களுக்குள் அமைப்பால் பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பில், வைக்க வேண்டும். இணையவழி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் கருவிகள் பரிமாறும் செய்திமுறைக்கு எஸ்ஐபி என்று பெயர்; பல ரவுட்டர்களில் உதவி செய்வதாக நினைத்து அந்தச் செய்திகளைத் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவைப்பதே நல்லது. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது, அழைப்பு பாதியில் அறுந்துபோவது போன்ற முறையீடுகளில் கணிசமானவற்றுக்கு இதுவே மூலம். இந்த வேலைகளைச் செய்யத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா, அல்லது சேவை தருபவர் இவற்றை எழுத்தில் ஏற்றுக்கொள்கிறாரா என்பது, எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்பதைவிட முக்கியமானது.

இனி எத்தனை வழித்தடங்கள் தேவை என்ற கேள்விக்கு வருவோம். இதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் இதற்குப் பயன்படுகிறது. உங்கள் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருவதாகவும் போவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று நிமிடம் நீடிக்கிறது. மொத்தம் 300 நிமிடப் பேச்சு, அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் ஐந்து பேச்சுகள். ஐந்துதானே, எட்டு இணைப்புகள் தாராளம் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. சூத்திரத்தின்படி எட்டு இணைப்புகளில் அந்த மணி நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு அழைப்புகளுக்கு இடம் கிடைக்காது. அந்த இழப்பை நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே கொண்டுவரப் பதினோரு வழித்தடங்கள் வேண்டும். உங்கள் அழைப்புப் பதிவுகளிலிருந்து உண்மையான எண்ணிக்கையை எடுத்து இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். பிஸி ஒலி கேட்டுத் திரும்பிப்போன வாடிக்கையாளர் உங்கள் பதிவேட்டில் எங்கும் இருக்கமாட்டார் என்பதால், பழைய அமைப்பு எந்தக் குறையுமில்லாமல் ஓடுவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

பழைய முறையில் மூன்று இணைப்புகளைக் கூட்டுவதற்கு விண்ணப்பம், கம்பி, பெட்டியில் காலி இடம் எல்லாம் வேண்டும். இணையவழியில் அது பெரும்பாலும் ஓர் அமைப்பை மாற்றும் வேலைதான். பதினோரு அழைப்புகளும் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட்தான் செலவாகும். அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் இடையே ஒரே எக்ஸ்டென்ஷன் வரிசையை வைத்துக்கொண்டு, வெளி அழைப்பே இல்லாமல் பேசிக்கொள்ளவும் முடியும். இரண்டு கட்டடங்களில் இயங்கும் உங்களுக்கு இதுவே மிகப் பெரிய ஆதாயம் என்பேன். சரக்கு இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளரின் அழைப்பை அப்படியே கிடங்குக்கு மாற்றிவிடலாம். வேறொரு எண்ணைச் சொல்லி அவரை மறுபடி அழைக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இணையவழியிலும் இரண்டு வகை உண்டு. ஐபி பிபிஎக்ஸ் என்னும் பெட்டியை உங்கள் அலுவலகத்திலேயே வைத்து, வெளி அழைப்புகளுக்கு எஸ்ஐபி ட்ரங்க் என்ற இணையவழி இணைப்பை வாங்குவது ஒன்று. பெட்டியே இல்லாமல், எல்லாவற்றையும் சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் வைத்து மாதக் கட்டணம் செலுத்துவது மற்றொன்று. கிளவுட் பிபிஎக்ஸ் என்று உங்கள் பிரதிநிதி சொல்லியிருப்பது இதைத்தான். முதல் வகையில் கட்டணம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய வழித்தடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டாவதில் அது பயனர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பாதிச் செலவுக் கணக்கு தவறிப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். உங்களிடம் 42 பேர் இருக்கிறார்கள், ஆனால் மேலே போட்ட கணக்கின்படி ஒரே நேரத்தில் வெளியே பேசுபவர்கள் பெரும்பாலும் பதினொருவருக்கு மேல் போகமாட்டார்கள். 42 பேருக்கும் தனித்தனிக் கணக்கு வாங்கினால் பேசாதவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். கிடங்கின் 12 பேருக்கு மூன்று அல்லது நான்கு பொதுக் கருவிகள் போதுமா என்று முதலில் யோசியுங்கள். அதன்பின் ஐந்தாண்டுக் கணக்கு போடுங்கள்: கருவிகள், புதிய கேபிள், ஸ்விட்ச், யுபிஎஸ், இரண்டாவது இணைய இணைப்பு, ஆண்டுதோறும் கட்டணம் உயர்வதற்கான விதி, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை என்று எல்லாவற்றையும் அதில் சேருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இணையவழி மலிவாக இருக்கலாம். ஆனால் அது பாதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சொந்தமாகத் தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத, இரண்டு இடங்களில் இயங்கும் நிறுவனத்துக்கு நான் கிளவுட் வகையையே பரிந்துரைப்பேன். காரணம், உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் மின்சாரமும் இணையமும் ஒருசேர நின்றுபோனாலும், தரவு மையத்தில் உள்ள அமைப்பு தொடர்ந்து அழைப்பை எடுக்கும். வரவேற்புக் குரல் ஒலிக்கும். கருவிகள் எட்டவில்லை என்று கண்டதும் அழைப்பைக் குறிப்பிட்ட கைப்பேசிகளுக்குத் திருப்பிவிடும். இது தானாக நடக்காது, முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். அலுவலகத்திலேயே பெட்டியை வைக்கும் வகையில் பெட்டி நின்றால் எல்லாம் நின்றுவிடும்; எஸ்ஐபி ட்ரங்க் தருபவர் அழைப்பை வேறிடம் திருப்ப ஒப்புக்கொண்டால் மட்டுமே அங்கு தப்பிக்க வழி உண்டு.

இது கடைசித் தற்காப்பு மட்டுமே. அதற்கு முன் மின்சாரத்தையும் பாதையையும் நீங்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஇ வகைக் கருவிகளை வாங்குங்கள். அப்போது ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி ஆகியவற்றுக்கு ஒரு நல்ல யுபிஎஸ் வைத்தால் எல்லா மேசைத் தொலைபேசிகளும் அதிலேயே இயங்கும். அந்த ஃபைபர் பெட்டியை யுபிஎஸ்ஸில் செருக மறந்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. இரண்டாவது இணைய இணைப்பு முதலாவதிலிருந்து வேறுபட்ட வழியில் வர வேண்டும். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினாலும் இரண்டு கேபிள்களும் ஒரே குழியில் ஓடினால், ஒரு தோண்டலில் இரண்டும் அறுந்துவிடும். ஃபைபருக்குத் துணையாகக் கைப்பேசி அலைவழி இணைப்பு ஒன்றை வைத்து, முதலாவது நின்றதும் ரவுட்டர் தானாக மாறும்படி செய்தால் போதும். அப்படி மாறும் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் பேச்சு அறுபடக்கூடும் என்பதை ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

கிடங்கில் வைஃபை வழியே பேசுவதை நம்ப வேண்டாம். உயரமான இரும்பு அடுக்குகளும், அவற்றில் நிரம்பிய உலோகப் பொருட்களும் அலைகளைத் தடுக்கும். ஒருவர் பேசிக்கொண்டே நடக்கும்போது ஒரு வைஃபை புள்ளியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் குரல் விட்டுப்போகும். குரலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட டெக்ட் வகைக் கம்பியில்லாக் கருவிகள் அங்கே பொருத்தமானவை. ஆனாலும் அவற்றின் அடிநிலையங்களை எங்கே வைப்பது என்று நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தின் மேசைக் கருவிகளுக்குப் பழைய தொலைபேசிக் கம்பிகள் பெரும்பாலும் உதவமாட்டா, நெட்வொர்க் கேபிள் தேவை. பெரும்பாலான மேசைக் கருவிகளில் கணினியைச் செருக இன்னொரு துளை இருப்பதால், மேசைக்கு ஒரு கேபிளே போதும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று சொன்ன பிரதிநிதி, பேச்சைத் தவிர வேறு எவையெல்லாம் உங்கள் லேண்ட்லைனில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டாரா? தீ எச்சரிக்கை, திருட்டு எச்சரிக்கைக் கருவிகள், மின்தூக்கிக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி, அட்டை தேய்க்கும் பழைய இயந்திரம், ஃபேக்ஸ் ஆகியவை சத்தமில்லாமல் அந்தக் கம்பியைப் பயன்படுத்துகின்றன. இணைப்பைத் துண்டிக்கும் நாளில் இவையும் ஓசையின்றிச் செயலிழக்கும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும். ஃபேக்ஸ் ஒலியைக் குரல்போல் இணையத்தில் அனுப்பினால் அடிக்கடி பிழை நேரும், அதற்கென டி.38 என்ற தனி முறை உண்டு, சேவை நிறுவனம் அதை ஆதரிக்க வேண்டும். எச்சரிக்கைக் கருவிகளுக்கும் மின்தூக்கிக்கும், அவற்றை நிறுவியவர் வேறு வழியை உறுதிசெய்யும் வரை ஒன்றிரண்டு லேண்ட்லைன்களை அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். அவசர உதவி எண்ணும் இதே போன்றதுதான். லேண்ட்லைனுக்கு ஒரு நிலையான முகவரி உண்டு. இணையவழிக் கருவியை யாரும் எங்கும் எடுத்துச்சென்று செருகலாம் என்பதால், கிடங்கிலிருந்து ஒருவர் அழைத்தால் உதவி அலுவலகத்துக்குப் போய்விடக்கூடும். ஒவ்வொரு கட்டடத்தின் முகவரியும் எந்த எண்ணுடன் பதிவாகிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய இணைப்பை ஒட்டுக்கேட்க ஒருவர் கம்பியைத் தேடி வர வேண்டியிருந்தது. இணையவழியில், பலவீனமான கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் அந்நியர் இரவிலோ விடுமுறையிலோ உங்கள் கணக்கிலிருந்து தொலைதூர நாடுகளின் உயர்கட்டண எண்களுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகளைச் செய்துவிடலாம். கட்டணச்சீட்டு உங்கள் பெயரில் வரும். நீங்கள் அழைக்காத நாடுகளுக்கான அழைப்புகளை முதல் நாளே தடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போனால் தானாக நிற்கும்படி வரம்பு வையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் நீளமான தனிக் கடவுச்சொல் வேண்டும். டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி ஆகிய மறையாக்க முறைகளை அந்தச் சேவை தருகிறதா என்றும் கேளுங்கள்.

இணையவழிக் குரல் சேவைக்கான உரிம விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் உங்கள் நாட்டில் பொதுத் தொலைபேசி எண்களை வழங்க உரிமம் பெற்றதா என்பதையும், உங்கள் தற்போதைய எண்களை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் உறுதிசெய்யாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். எண்கள் மாறி வந்து சேரும் வரை பழைய இணைப்பை ரத்து செய்யவே கூடாது. ரத்தான இணைப்போடு எண்ணும் போய்விடக்கூடும், வாடிக்கையாளர்கள் பல்லாண்டுகளாக மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

முதலில் உள் வலையமைப்பையும் யுபிஎஸ்ஸையும் இரண்டாவது இணைப்பையும் சரிசெய்யுங்கள். பிறகு அதிகம் பேசும் நான்கைந்து பேருக்கு மட்டும், கிடங்கில் ஒருவரையும் சேர்த்து, புதிய கருவிகளைக் கொடுத்து இரண்டு வாரம் பழையதுடன் இணையாக ஓட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு வேலைநாளின் நடுவே, உங்கள் அண்ணனையும் சேவை நிறுவனத்தின் ஆளையும் அருகில் வைத்துக்கொண்டு, முதலில் ஃபைபர் கேபிளையும் பிறகு யுபிஎஸ்ஸின் மின்செருகியையும் பிடுங்குங்கள்; கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து சோதனை எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பு உங்களில் ஒருவருடைய கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால், ஏன் ஒலிக்கவில்லை என்று அவர்கள் கண்டறிந்து சரிசெய்து அதே சோதனையில் தேறும் வரை, ஒப்பந்தத்தை நிறுத்திவையுங்கள்.